சார்ஜன்ட் ஜான்சன் சொல்ல வந்தது

ஒரு போலீஸ்காரன் விசாரணை அறையில் சந்தேக நபரை அடித்தே கொன்றுவிடுகிறான். சிட்னி லூமெட் இயக்கிய 'தி அஃபென்ஸ்' படத்தின் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். படம் ஆரம்பிப்பதே அங்கேதான். ஸ்டேஷனுக்குள் ஆட்கள் ஓடுகிறார்கள். எல்லாம் மெதுவாக, தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி நகர்கிறது. சத்தம் சரியாகக் கேட்பதில்லை. ஓர் அறையின் நடுவில் பெரிய உடம்போடு ஒருவன் நிற்கிறான். அவனைச் சுற்றி ஆட்கள் விழுந்து கிடக்கிறார்கள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கே உறைக்கிறது. அவன் துப்பறியும் சார்ஜன்ட் ஜான்சன். நடித்திருப்பவர் ஷான் கானரி.

படத்தின் மையத்தில் சிறுமிகள் மீதான பாலியல் வன்முறை இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த விஷயம் தாங்காதவர்கள் பார்க்க வேண்டாம். குற்றத்தை நேரடியாகக் காட்டுவதில்லை. ஆனாலும் அதன் நிழல் விழாத காட்சி என்று படத்தில் ஒன்றுகூட இல்லை. நான் பார்த்த பிரிட்டிஷ் படங்களில் இவ்வளவு இருட்டான இன்னொன்றைச் சட்டென்று சொல்ல முடியவில்லை. இருந்தும் இதை மறுபடி மறுபடி பார்க்கிறேன். காரணம் குற்றமும் இல்லை, கொலையும் இல்லை. இது, தான் சொல்வதை யாராவது கேட்க மாட்டார்களா என்று மூன்று பேரிடம் கெஞ்சும் ஒரு மனிதனின் கதை.

படம் உருவான விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1967இல் 'யு ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தோடு ஜேம்ஸ் பாண்ட் வேடத்தைப் போதும் என்று விட்டுவிட்டார் கானரி. அவரை எப்படியாவது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் துடித்தது. 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) படத்துக்கு 12.5 லட்சம் டாலர் சம்பளம் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. ஸ்காட்லாந்தின் இளைஞர்களுக்கு உதவுவதற்காகத் தானும் சேர்ந்து தொடங்கியிருந்த கல்வி அறக்கட்டளைக்கு அதைக் கொடுத்துவிட்டார் கானரி. பணத்தோடு இன்னொரு நிபந்தனையும் வைத்திருந்தார்: தான் தேர்ந்தெடுக்கும் இரண்டு படங்களுக்கு நிறுவனம் பணம் போட வேண்டும். முதல் படமாக அவர் எடுத்துக்கொண்டது இந்தக் கதை. பாண்டாகத் திரும்பி வந்ததற்கு ஈடாக, பாண்டின் பிம்பத்தையே நொறுக்கும் ஒரு படத்தை வாங்கிக்கொண்டார். தன் கவர்ச்சியை வைத்துப் பிழைக்கும் நடிகர் ஒருவர் இப்படிச் செய்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

கதையை எழுதியவர் ஜான் ஹாப்கின்ஸ். 'தண்டர்பால்' (1965) என்ற பாண்ட் படத்தின் திரைக்கதையிலும் இவர் பெயர் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் அவரைப் பெரிதாகத் தெரியவைத்தது 'இசட் கார்ஸ்' என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடர். 1962இல் ஆரம்பித்தது. அதற்கு முன்பு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் போலீஸ்காரர் என்றால் 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' தொடரில் வரும் பெரியவர்தான். பேட்டையில் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் நல்ல மனுஷன், தப்பு செய்த பையனைத் தோளில் தட்டித் திருத்துகிறவர். 'இசட் கார்ஸ்' வந்து அந்தப் படத்தைக் கலைத்தது. அதன் போலீஸ்காரர்கள் சூதாடினார்கள், வீட்டில் சண்டை போட்டார்கள், களைத்துப் போனார்கள். அந்தத் தொடருக்கு ஹாப்கின்ஸ் 50க்கும் மேற்பட்ட பகுதிகள் எழுதினார். அத்தனை பகுதிகளை எழுதியவரிடம், இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தோடு பார்க்கும் தொடரில் சொல்ல முடியாத விஷயங்கள் ஏராளமாகச் சேர்ந்திருக்கும். அதெல்லாம் போய்ச் சேர்ந்த இடம்தான் 'திஸ் ஸ்டோரி ஆஃப் யுவர்ஸ்' என்ற நாடகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1968இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் அது மேடையேறியது. நாடகங்களை முன்கூட்டியே தணிக்கை செய்யும் அதிகாரம் லார்டு சேம்பர்லெயின் என்ற அரண்மனை அதிகாரியிடமிருந்து சட்டப்படி பறிக்கப்பட்டதும் அதே 1968இல்தான்.

நாடகத்தின் அமைப்பு மிக எளிமையானது. மூன்று அங்கம், மூன்று உரையாடல். ஜான்சனும் அவன் மனைவியும். ஜான்சனும் அவன் மேலதிகாரியும். ஜான்சனும் அவன் கொன்ற மனிதனும். கடைசி உரையாடல் காலவரிசைப்படி முதலில் நடந்தது. அதைத்தான் நாடகம் இறுதிவரை ஒத்திப்போடுகிறது. படத்துக்குத் திரைக்கதை எழுதியபோதும் ஹாப்கின்ஸ் இந்த எலும்புக்கூட்டைத் தொடவில்லை. முன்னால் தேடுதல் வேட்டையைச் சேர்த்தார், நடுநடுவே ஜான்சனின் நினைவுகளைச் சேர்த்தார். மற்றபடி அதே மூன்று அறைகள்தான்.

அந்தத் தேடுதல் வேட்டை ஒன்றும் லேசானதில்லை. படப்பிடிப்பு நடந்த ஊர் பெர்க்‌ஷயரில் உள்ள பிராக்னெல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, லண்டனின் நெரிசலையும் குண்டு விழுந்த வீடுகளையும் விட்டு மக்களை வெளியே குடியமர்த்த பிரிட்டிஷ் அரசு புது ஊர்களைக் கட்டியது. 1946இல் அதற்கென்று சட்டம் வந்தது. 1949இல் பிராக்னெல் அப்படி ஒரு புது ஊராக அறிவிக்கப்பட்டது. திட்டமிட்ட சாலைகள், சுரங்க நடைபாதைகள், வெட்டவெளிப் புல்தரை, ஒரே அச்சில் வார்த்த வீடுகள். நல்ல எண்ணத்தில் கட்டிய ஊர்தான். ஆனால் லூமெட்டின் கேமரா அதை மேகம் மூடிய சாம்பல் வெளிச்சத்தில் பார்க்கிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகளை அழைத்துப்போக அம்மாக்கள் கார்களோடு காத்திருக்கிறார்கள். மூலைக்கு மூலை போலீஸ்காரர்கள். ஏற்கெனவே சில சிறுமிகள் தாக்கப்பட்டிருக்கிறார்கள். இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி தனியாக நடந்து போகிறாள். அவளைப் பின்தொடரும் ஆளின் முகம் நமக்குத் தெரிவதில்லை.

இருட்டியதும் காட்டுக்குள் டார்ச் விளக்கோடு தேடுகிறார்கள். அவளைக் கண்டுபிடிப்பது ஜான்சன்தான். உயிரோடு இருக்கிறாள். அவன் பக்கத்தில் போனதும் அலறுகிறாள், திமிறுகிறாள். அவளை அமைதிப்படுத்த அவன் இறுக்கிப் பிடிக்கிறான். 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டே அவளை விடாமல் பிடித்திருக்கிறான். மற்றவர்கள் ஓடி வருகிறார்கள். காப்பாற்ற வந்தவன் செய்வது, தாக்கியவன் செய்திருக்கக்கூடியதைப் போலவே வெளியிலிருந்து தெரிகிறது. அந்தச் சிறுமியைப் பொறுத்தவரை இரண்டு பேருமே இருட்டில் தன்னை அமுக்கிய பெரிய ஆண்கள். படம் சொல்ல வருவது முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது. ஆனால் முதல் தடவை பார்க்கும்போது அது தெரிவதில்லை. கானரியின் முகத்தில் ஒரு நல்ல போலீஸ்காரரின் பதைப்பைத்தான் பார்க்கிறோம். பிறகு இதே காட்சி ஜான்சனின் நினைவில் திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் கொஞ்சம் மாறி வருகிறது. எது நடந்தது, எது அவன் மனம் சேர்த்தது என்று பிரிக்க முடியாத ஒரு கட்டம் வரும்போது வயிற்றைப் பிசைகிறது.

அன்று இரவே பாக்ஸ்டர் என்ற ஒருவன் சேறு படிந்த உடையோடு அலைந்துகொண்டிருந்தபோது பிடிபடுகிறான். எங்கே போனான் என்பதற்குச் சரியான பதில் இல்லை. ஜான்சனுக்குச் சந்தேகமே கிடையாது, இவன்தான். மற்றவர்கள் இல்லாத நேரத்தில் விசாரணை அறைக்குள் போகிறான். அடி விழுகிறது. பாக்ஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், ஜான்சனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

முதல் அறை வீடு. மனைவி மவ்ரீனாக நடித்திருப்பவர் விவியன் மெர்ச்சன்ட். நாடகாசிரியர் ஹரால்ட் பின்டரின் அன்றைய மனைவி, மௌனங்களுக்குப் பேர்போன அவருடைய நாடகங்களின் முக்கியமான நடிகை. பேச்சுக்கு நடுவில் வரும் மௌனத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காட்சி நீளமானது, கொடூரமானது. ஜான்சன் குடிக்கிறான். அவள் அழகாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அவள் வாங்கிக்கொள்கிறாள். எத்தனையோ வருஷமாக வாங்கிப் பழகிய உடம்பு அது என்று மெர்ச்சன்டின் தோள்களைப் பார்த்தாலே தெரிகிறது. அப்புறம் அவள் கேட்கிறாள், என்னிடம் சொல்லேன், நீ எதையுமே சொல்வதில்லையே என்று.

சரி என்று சொல்ல ஆரம்பிக்கிறான். 20 வருஷ வேலையில் பார்த்த உடல்களைப் பற்றிச் சொல்கிறான். ஒவ்வொன்றாக, விவரத்தோடு, நிறுத்தாமல் சொல்கிறான். குழந்தைகள், பெண்கள், தற்கொலைகள். காரில் வீட்டுக்கு வரும் வழியில் அவன் தலைக்குள் ஓடிய படங்களைச் சில நொடிகள் நாமும் பார்த்திருக்கிறோம். இப்போது அவை வார்த்தைகளாக வருகின்றன, வார்த்தைகளாக வரும்போது இன்னும் மோசமாக இருக்கின்றன. மவ்ரீனால் முடியவில்லை. எழுந்து ஓடி வாந்தி எடுக்கிறாள். அதை அவன் மன்னிப்பதில்லை. கேட்டவள் நீதானே, கேட்டுவிட்டு இப்படிச் செய்கிறாயே என்பதுதான் அவன் கோபம்.

இந்தக் காட்சியில் யார் பக்கம் நிற்பது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மவ்ரீன் பக்கம்தான் நிற்கிறேன். உள்ளே இருக்கிற நஞ்சை யார் மீதாவது கொட்டுவது ஒன்று, அதை ஒருவரோடு பகிர்ந்துகொள்வது வேறொன்று. ஜான்சனுக்கு இரண்டாவது தெரியாது. யாரும் கற்றுத்தரவில்லை என்பதும் உண்மை. அவன் கேட்பது ஆறுதல்தான், கேட்கிற விதத்தில் அது அடியாக மாறிவிடுகிறது. நிறைய வீடுகளில் நடக்கிற விஷயம் இது. போலீஸ்காரர் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இந்தப் படம் எடுக்கப்பட்ட அதே 1972இல் ஹிட்ச்காக்கின் 'ஃப்ரென்சி' படத்திலும் விவியன் மெர்ச்சன்ட் ஒரு போலீஸ் அதிகாரியின் மனைவி. அதில் அவர் பிரெஞ்சுச் சமையல் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு, கணவருக்கு வாயில் வைக்க முடியாத பதார்த்தங்களைப் பரிமாறிக்கொண்டே வழக்கைப் பற்றிக் கேட்கிறார். தவறான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள் என்று கணவருக்கு முன்பாகவே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே சாப்பாட்டு மேசையில் கொலையைப் பற்றிப் பேச முடிகிறது, கேட்கவும் முடிகிறது. இங்கே முடியவில்லை. ஒரே நடிகை, ஒரே வருஷம், கிட்டத்தட்ட ஒரே நாற்காலி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மெர்ச்சன்ட் எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று விளங்கும்.

கதவு தட்டப்படுகிறது. பாக்ஸ்டர் இறந்துவிட்டான், ஸ்டேஷனுக்கு வா என்கிறார்கள்.

இரண்டாவது அறையில் இருப்பவர் டிடெக்டிவ் சூப்பரிண்டெண்டெண்ட் கார்ட்ரைட். நடித்தவர் டிரெவர் ஹோவர்ட், 1945இல் 'ப்ரீஃப் என்கவுன்டர்' படத்தில் ரயில் நிலையத்துத் தேநீர்க் கடையில் காதலில் விழுந்த அந்த டாக்டர். மூன்று உரையாடல்களில் இதுதான் எனக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது. விளக்கம் கொஞ்சம் அதிகம். ஆனால் ஓர் இடம் அபாரம். எல்லாரும்தான் இதையெல்லாம் பார்க்கிறோம், நான் ஒதுக்கி வைத்துவிடுகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்கிறார் கார்ட்ரைட். எப்படி என்று கேட்கிறான் ஜான்சன். அதில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே அவனுக்கு அந்த வழிமுறை தெரிய வேண்டும். கார்ட்ரைட்டிடம் பதில் கிடையாது, குரல்தான் உயர்கிறது. அவர் சாமர்த்தியம் அவ்வளவுதான். தன் உள்ளே இருக்கும் கதவைத் திறக்காமல் வைத்திருக்கிறார், திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியும்.

அப்புறம் மூன்றாவது அறை.

இயான் பானனின் பாக்ஸ்டரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. முதலில் பார்க்கும்போது நனைந்த, நடுங்கும், கொஞ்சம் திமிரான மத்தியதரக் குடும்பத்து ஆள். மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சில் படித்தவனின் மெருகு. அடி வாங்க வாங்க அவனுக்குள் என்னவோ மாறுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே அடிக்கிறவர்களைப் பார்த்து வந்தவன் அவன். அடிக்கிறவனின் கண்ணில் ஓடுவதை வாசிக்கத் தெரிந்தவன். ஜான்சன் அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறான், ஆனால் யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பது மெல்ல இடம் மாறுகிறது. அந்தச் சிறுமியை நீ எப்படிக் கற்பனை செய்கிறாய் என்று எனக்குத் தெரியும், நான் செய்திருக்கக்கூடிய எதுவும் உன் தலைக்குள் ஓடுவதில் பாதிகூட இருக்காது என்கிற பொருளில் பாக்ஸ்டர் ஒரு வார்த்தை சொல்கிறான். அந்த வார்த்தைக்குப் பிறகு கானரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கோபம் வருவதற்கு முன்னால் ஒரு கணம், நிம்மதி மாதிரி என்னவோ அங்கே வந்து போகிறது.

நான் இந்தப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கணத்துக்காகத்தான். மனைவியால் கேட்க முடியவில்லை. மேலதிகாரி கேட்க மறுத்துவிட்டார். ஜான்சனுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து, அருவருக்காமல், அதற்குப் பெயரும் வைத்த ஒரே ஆள் பாக்ஸ்டர். பார்வையாளர்கள் நாம் இந்த உரையாடலைக் கடைசியில் பார்க்கிறோம், ஆனால் ஜான்சன் வாழ்வில் இது முதலில் நடந்துவிட்டது. அப்படியென்றால் மனைவியிடமும் மேலதிகாரியிடமும் பேசியபோது, தன்னை முழுக்கத் தெரிந்துகொண்ட ஒரே மனிதனை அவன் ஏற்கெனவே அடித்து வீழ்த்தியிருந்தான். முதல் இரண்டு காட்சிகளின் பதற்றம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது பிடிபடுகிறது. அந்த அறையில் ஜான்சன் உதவி கேட்கிறான். சந்தேக நபரிடம், கைதியிடம், எனக்கு உதவி செய் என்கிறான். பாக்ஸ்டர் அதை உதறிவிடுகிறான். கைகள் மறுபடி எழுகின்றன.

பாக்ஸ்டர் குற்றவாளியா இல்லையா என்று படம் சொல்வதே இல்லை. இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அவன்தான் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் பார்வையாளர்களில் பாதிப் பேர் ஜான்சனை உள்ளுக்குள் மன்னித்திருப்பார்கள். அவன் இல்லை என்று தெரிந்திருந்தால் கதை ஓர் அப்பாவியின் மரணமாகச் சுருங்கியிருக்கும். அடித்தவனுக்கும் தெரியாது என்பதுதான் விஷயம்.

நாடகத்திலிருந்து வந்த படங்களைப் பற்றி ஒரு வழக்கமான புகார் உண்டு: ஒரே அறை, பேச்சு பேச்சு, சினிமாவாக ஆகவில்லை. லூமெட்டுக்கு அறை என்றால் பயம் கிடையாது. சிறு வயதிலேயே நியூயார்க்கில் யூதர்களின் யிட்டிஷ் மொழி நாடக மேடையில் நடித்தவர், பிறகு நேரடி ஒளிபரப்பு நாடகங்களை இயக்கி வளர்ந்தவர். முதல் படமான '12 ஆங்ரி மென்' (1957) படத்தில், கதை போகப் போக லென்ஸின் குவியத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், சுவர்கள் நெருங்கி வருவதுபோலச் செய்தார். இங்கே ஒளிப்பதிவாளர் ஜெரி ஃபிஷர். விசாரணை அறையின் கூரையில் வட்டமான விளக்கு, தப்பிக்க இடமில்லாத வெளிச்சம். இருட்டில் நடந்த குற்றத்தை இவ்வளவு வெளிச்சத்தில் விசாரிக்கிறார்கள், ஆனாலும் ஒன்றும் தெரிவதில்லை. அந்த வட்ட விளக்கின் ஒளி சில காட்சிகளில் படத்தின் மீதே பரவி எல்லாவற்றையும் வெளுக்கச் செய்கிறது. இந்த உத்தியைக் கொஞ்சம் அதிகமாகவே பயன்படுத்திவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். இசை ஹாரிசன் பர்ட்விசில். நவீன பிரிட்டிஷ் செவ்வியல் இசையின் பெரிய பெயர், திரைப்படத்துக்கு அவர் இசையமைத்தது இது ஒன்றுக்குத்தான். பாட்டும் இல்லை, மெட்டும் இல்லை, காதுக்குள் உலோகம் உரசுகிற மாதிரியான ஒலிகள். படம் முடிந்த பிறகும் அது போவதில்லை.

இந்த அறை 1972இன் அறை என்பதையும் மறக்கக்கூடாது. அப்போது இங்கிலாந்தில் போலீஸ் விசாரணையைக் கட்டுப்படுத்தியது 'நீதிபதிகளின் விதிகள்' என்று அழைக்கப்பட்ட வழிகாட்டுதல்கள்தான். அவை சட்டம் இல்லை. மீறினாலும் வாக்குமூலம் தானாகச் செல்லாமல் போய்விடாது. ஒலிப்பதிவு கிடையாது. உள்ளே என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள்தான், கேட்டவரும் பதில் சொன்னவரும். அதே 1972 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனின் கேட்ஃபோர்டில் மேக்ஸ்வெல் கான்ஃபேட் என்பவர் கொலையானார். 18, 15, 14 வயதுடைய மூன்று பேர் போலீஸ் விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தார்கள், தண்டனையும் பெற்றார்கள். 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. அந்த வழக்கை ஆராய்ந்த ஃபிஷர் அறிக்கை 1977இல் வந்தது. அதைத் தொடர்ந்து அரச ஆணையம் ஒன்று அமைந்தது, 1984இல் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம் வந்தது. காவலில் எத்தனை மணி நேரம் வைக்கலாம், வக்கீல் எப்போது வர வேண்டும், விசாரணையை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதன் பிறகுதான் ஒழுங்குக்கு வந்தன. ஜான்சன் தனியாக அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது கதைக்காகச் செய்த சௌகரியம் இல்லை. அன்றைய நடைமுறையில் அந்தக் கதவு அப்படித்தான் இருந்தது. ஹாப்கின்ஸ் அதை 1968இலேயே மேடையில் வைத்துவிட்டார் என்பது எனக்கு அவர் மீது பெரும் மரியாதையை உண்டாக்குகிறது.

படத்தில் எனக்கு உறுத்துகிற ஒன்றும் இருக்கிறது. அந்தச் சிறுமிக்குப் பெயர் இருக்கிறது, ஜேனி. ஆனால் காட்டிலிருந்து தூக்கிப்போன பிறகு அவள் ஜான்சனின் தலைக்குள் இருக்கும் ஒரு பிம்பமாக மட்டுமே மிஞ்சுகிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று, வீட்டில் யார் அவளோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படம் கேட்பதில்லை. இது வேண்டுமென்றே செய்ததுதான் என்று வாதிடலாம். ஜான்சனுக்கு அவள் ஓர் ஆளாகவே தெரியவில்லை, அதைத்தான் படம் காட்டுகிறது என்று சொல்லலாம். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், முழுக்க மனம் ஒப்பவில்லை. அவளுக்கென்று இன்னும் ஒரே ஒரு காட்சி இருந்திருக்கலாம்.

படம் ஓடவில்லை. துப்பாக்கியும் சிரிப்பும் இல்லாத, மீசை வைத்த, கனத்த கோட்டு போட்ட கானரியைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை. பிரான்சில் அது திரையரங்குக்கு வந்தது 2007இல். யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஒப்புக்கொண்ட இரண்டாவது படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. கானரி தானே இயக்கி ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தைப் படமாக எடுக்க நினைத்திருந்தார். ரோமன் பொலான்ஸ்கியின் 'மேக்பெத்' 1971இல் முந்திக்கொண்டது. செய்த கொலை தூங்கவிடாத ஒரு ஸ்காட்லாந்துக்காரனாக, எடின்பரோவின் ஃபவுன்டன்பிரிட்ஜில் பிறந்த அந்த மனிதர் நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை. ஜான்சனைப் பார்த்த பிறகு அந்த ஏக்கம் இன்னும் கூடிவிட்டது.

பானனுக்கு இந்தப் படத்துக்காக பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதுக்கான பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. லூமெட்டும் கானரியும் அவரும் முதலில் சேர்ந்தது 1965இல் வந்த 'தி ஹில்' படத்தில். அதில் ராணுவச் சிறையின் கொடுமைகளுக்கு நடுவே மனசாட்சி உள்ள ஒரே ஸ்டாஃப் சார்ஜன்ட் அவர்தான். அந்த இளகிய முகத்தைத்தான் லூமெட் ஏழு வருஷம் கழித்து பாக்ஸ்டராக நாற்காலியில் உட்கார வைத்தார். அதனால்தான் பாக்ஸ்டரை வெறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. பானன் 1999இல் ஸ்காட்லாந்தில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். அதற்கு முந்தின வருஷம் வந்த 'வேக்கிங் நெட்' படத்தில், லாட்டரிப் பணத்துக்காக ஊரையே பொய் சொல்ல வைக்கும் குறும்புக்காரத் தாத்தாவாக வந்து உலகம் முழுக்கச் சிரிக்க வைத்தவர் அவர். அந்தப் படத்தைப் பார்த்து அவரை விரும்பியவர்கள், மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு, இந்த விசாரணை அறையிலும் ஒரு தடவை அவரைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.